தலைவருக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

தேயிலைத் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் ஜனங்கள் முதலில் மாரியம்மாவுக்குப் பயப்படுவார்கள். அப்புறம் மழைக்கு. அதற்கும் அப்புறம் கங்காவின் வாய்க்கு. மாரியம்மாவாவது கூழ் ஊற்றினால் குளிர்ந்துவிடுவாள். கங்கா கோபித்துக்கொண்டால் என்ன ஊற்றினாலும் ஆறாது என்பது லைன் வீடுகளில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அவளுக்கு ஐம்பது வயதாகிறது. புருஷன் சசிதரனுக்குத் தேயிலை பேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை. வீட்டில் வாயைத் திறந்து பேச அந்த மனுஷனுக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. இனிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. கங்கா கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியின் செவ்வந்தித் தோட்டத்தில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிறாள். காம்பு ஒடிந்து லோரி ஏற முடியாமல் போன பூக்களை முதலாளி அவளிடமே கொடுத்துவிடுவார். பூவில் ஒரு குறையும் இருக்காது, காம்புதான் குட்டை. அதை வைத்து வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கோயில் மாரியம்மாவுக்கு மாலை கட்டுவது கங்காதான். வேறு யார் கட்டினாலும் மாலை தொங்கிப்போகிறது, கங்கா கட்டினால்தான் அம்மன் கழுத்தில் நிற்கிறது என்பார் பூசாரி வேலப்பன். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவள் வைத்திருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

இந்த ஆண்டு தலைவர் பிரச்சினை வந்தது. பழைய தலைவர் இருளப்பன், முழங்கால் வலிக்கு மலைக்குளிர் ஒத்துவரவில்லை என்று ஈப்போவில் மகள் வீட்டோடு போய்விட்டார். தானா ராத்தா டவுனில் இருக்கிற மாவட்ட அதிகாரி ஆபீசிலிருந்து, டி.ஓ. ஆபீஸ் என்பார்கள், ஆள் வந்தது: கிராமத் தலைவர் நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாது, ஊரே ஒத்துக்கொண்ட ஒரு பெயரைக் கொடுங்கள், இரண்டு பெயர் கொடுத்தால் நாங்களே மூன்றாவதாக ஒருத்தரைப் போட்டுவிடுவோம். தலைவர் என்றால் சும்மா இல்லை. ரோடு, தண்ணீர், வீடு எல்லாவற்றுக்கும் சர்க்கார் முன்னால் போய் நிற்கிற ஆள். கட்சிக்காரர்கள் தேடி வருவதும் அவரைத்தான். இன்றைக்குக் கிராமத் தலைவர், நாளைக்குச் சட்டமன்றத்துக்கு, வைபியாகவே, நின்றாலும் நிற்பார்.

அந்தத் தோட்டத்தில் அதுவரை கோயில் தலைவர் எவரோ அவர்தான் ஊர்த் தலைவர். திருவிழாவில் முதல் பரிவட்டம் எந்தத் தலையில் ஏறுகிறதோ அந்தத் தலைதான் ஆபீசுக்கும் போகும். இவை இரண்டு வேலை என்று யாருக்குமே தோன்றியதில்லை.

அந்த வழக்கப்படி பார்த்தால், இருளப்பனுக்குப் பிறகு கோயில் பொறுப்புக்கு வந்த இராமையாதான் தலைவர். அவரைக் குறை சொல்ல நாக்குக் கூசும். தகரக் கொட்டகையாக இருந்த கோயிலுக்கு ஊர் ஊராக நன்கொடை வாங்கிக் கோபுரம் எழுப்பிய மனுஷர். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பார். அந்த மலையில் பச்சைத் தண்ணீர் என்றால் என்ன என்று குளித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு ஆபீசர் முன்னால் உட்காரவைத்தால் போதும், மனுஷர் அப்படியே சுருங்கிவிடுவார். அவர்கள் என்ன சொன்னாலும் "பாய்க், துவான்", சரிங்க ஐயா, என்று மலாயில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னார்கள் என்று நம்மிடம் கேட்பார்.

போன மழைக்காலத்தில், மேல் லைனுக்குப் பின்னால் மண் சரிந்தது. சரோஜா வீட்டுச் சமையல்கட்டு, அடுப்போடு அம்மியோடு போய்விட்டது. அவள் அப்போது கோழிக்குத் தீனி போட வெளியே வந்திருந்தாள், அதனால் இன்றைக்கும் உயிரோடு இருந்து கங்காவோடு சண்டை போடுகிறாள். மேட்டில் இன்னும் வெடிப்பு இருக்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கிற அடுத்த வீடு கங்காவுடையது. மழை வலுத்தால் அவளும் சசிதரனும் முன் அறையில் பாய் போட்டு, செருப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்கள். சரிந்த வாரத்தில் இராமையா அம்மனுக்குச் சாந்தி பூஜை செய்தார், மனம் உருகித்தான் செய்தார். மகேன் தன் காய்கறி லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மேல் லைன் ஜனங்களைச் சட்டி பானையோடு ஏற்றிக் கீழே பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கினான். மறுநாளிலிருந்து டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தான். மாற்று வீட்டுக்கு இடம் பார்க்கிறோம் என்று அவர்கள் வாயிலிருந்து வரவழைத்ததும் அவன்தான். ஆனால், "நீ யாரு, தலைவரா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள்.

மகேன் கங்காவின் கூடப்பிறந்த தம்பி. கூடப்பிறந்தவன் என்று சொன்னால் போதாது, இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் அவள். அந்தத் தம்பியோடுதான் நாலு வருஷமாகப் பேச்சில்லை.

அவன் மனைவி யுவனேஸ்வரி நோயில் கிடந்து பிழைத்தபோது, தானா ராத்தா ஜெபக்கூடத்துக்காரர்கள் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் எழுந்து நடந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரும் அங்கே போக ஆரம்பித்து, கடைசியில் அந்தப் பக்கமே ஆகிவிட்டார்கள். அதைக்கூடக் கங்கா எப்படியோ விழுங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் முனகினாள், மூன்றாம் மாதம் அவனுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். விழுங்க முடியாமல் போனது அம்மாவின் சாவுதான்.

அம்மா செத்த அன்றைக்கு ஆகவேண்டிய எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தவன் மகேன்தான். பாடை தூக்கினான். மழையில் விறகு நனையாமல் லோரித் தார்பாயைப் போட்டு மூடினான். ஆனால் சுடலையில் கொள்ளிக் கட்டையைக் கையில் கொடுத்தபோது வாங்கவில்லை. "நான் நம்பாத ஒண்ண நம்புற மாதிரி அம்மா முன்னால நடிக்க முடியாதுக்கா" என்றான். கங்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவங்களுக்காக ஒரு நாள் நடிச்சாத்தான் என்னடா என்று கேட்டாள். அவன் அழுதுகொண்டு நின்றான், கை மட்டும் நீளவில்லை. ஒற்றை மகன் இருக்கும்போது சித்தப்பா மகன் வந்து கொள்ளி வைத்தான். அன்றைக்கு அவன் சட்டையிலிருந்து எடுத்த கையை அவள் மறுபடி அவன் பக்கம் நீட்டவே இல்லை.

இப்போது சொல்லுங்கள், மூன்றாம் டிவிஷனில் தலைவருக்கு இரண்டு பெயர். ஒன்று இராமையா, ஒன்று மகேன். நடுவில் இவள்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சாமி கும்பிடாதவன் ஊருக்குத் தலைவனா என்று ஒரு பக்கம் எகிறியது. சரோஜா எழுந்து, சமையல்கட்டு போனவளுக்குப் பேச உரிமை இருக்கிறது என்று தொடங்கி, ஒரு கேள்வி கேட்டாள். நாம் ஓட்டுப் போடத் தொடங்கிய காலத்திலிருந்து மலாய்க்காரருக்குப் போட்டிருக்கிறோம், சீனருக்குப் போட்டிருக்கிறோம். அவர்களில் யார் மாரியம்மாவைக் கும்பிட்டார்கள்? அவர்களிடம் ரோடு வருமா என்று மட்டும் கேட்டோம். நம் வீட்டுப் பிள்ளை நின்றால் மட்டும் நெற்றியை எதற்குப் பார்க்கிறோம்? கங்காவுக்கே அது சுருக்கென்றுதான் இருந்தது.

இராமையா கோபப்படவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் வேறு, அவர்கள் எப்போதும் அவர்களாகவே இருந்தவர்கள். இவன் நம்மோடு இருந்துவிட்டு நம்மை விட்டுப் போனவன், அந்த வலி வேறு என்றார். பிறகு கையைக் கோபுரத்துப் பக்கம் காட்டினார்.

"கோயில் நிக்கிற நெலம் கம்பெனி நெலம்லா. பட்டா கெடையாது. நாளைக்கு எடுங்கடான்னு வந்து நிப்பானுங்க. அன்னைக்கு அம்மாவுக்காகப் பேசப் போறவனுக்கு அம்மா மேல நம்பிக்கை வேணாமா? நான் கேக்குறது தப்பா?"

தப்பில்லை என்றுதான் பல பேர் தலையாட்டினார்கள். மகேன் அன்றைக்கு ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். பேசிப் பேசி ஊர் இரண்டாகப் பிளந்துபோகும் போலிருந்தது. இரண்டு பெயர் போனால் ஆபீசே யாரையோ போட்டுவிடுமே என்ற பயம் வேறு. கடைசியில் வேலப்பன்தான், நமக்குள் தீராவிட்டால் அம்மாவிடமே கேட்போம், ஞாயிற்றுக்கிழமை பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். அப்பாடா என்று எல்லாரும் எழுந்துகொண்டார்கள். மகேனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அது உங்கள் வழக்கம், ஊர் எதற்குக் கட்டுப்படுகிறதோ அதற்கு நானும் கட்டுப்படுகிறேன் என்றானாம்.

பூக்கட்டிப் பார்ப்பது அந்தத் தோட்டத்தில் புதிதில்லை. கல்யாணமா, வீடு மாறுவதா, மனசு இரண்டுபட்டால் இதுதான் வழி. ஒரு வெற்றிலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். எடுத்ததில் வெள்ளை இருந்தால் அம்மா சரி என்கிறாள், சிவப்பு இருந்தால் வேண்டாம் என்கிறாள். இப்போதைய கேள்வி மகேனைப் பற்றி: வெள்ளை வந்தால் அவன், சிவப்பு வந்தால் இராமையா. முன்பு குழந்தைதான் எடுக்கும். ஒரு தடவை குழந்தை பொட்டலத்தைப் பூவோடு வாயில் போட்டு மென்றுவிட்டது, அதிலிருந்து பூசாரியே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறார். பொட்டலம் கட்டுகிறவள் விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, யாரும் பார்க்காமல் தனியாகக் கட்டவேண்டும். கட்டுகிறவள் கங்கா. அவள் கை சுத்தம் என்பதில் ஊருக்கு இம்மியும் சந்தேகம் வந்ததில்லை, இதுவரைக்கும்.

இந்தத் தடவை வந்தது. சனிக்கிழமை அவள் வேலை முடிந்து வீடு திரும்புமுன்பே இராமையா வாசலில் நின்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், தம்பிப் பாசத்தில் இரண்டிலும் வெள்ளையை வைத்துவிடாதே தாயி என்று. கங்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவனுக்காகவா, நானா, என்று கேட்டவள் கதவைச் சாத்தினாள். அவர் போன சூடு ஆறுவதற்குள் சரோஜா வந்தாள். அவள் சிரிக்கவில்லை. மேட்டில் வெடிப்பு அகலமாகியிருக்கிறது, உன் தம்பி வந்தால்தான் நமக்கு வீடு, நீ பார்த்துச் செய்க்கா என்றாள். அவளுக்கும் ஒரு கதவுச் சாத்தல் கிடைத்தது.

ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல், இவள் தம்பிக்காகத்தான் சாய்வாள் என்று நினைத்திருக்கிறார்கள். அது எரிந்தது. அம்மாவின் பிணத்தை நடுவில் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றவனுக்காக நான் சாய்வேனா? தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்து, வெற்றிலையைத் துடைத்து வைத்தாள். கூடையில் வெள்ளையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. கொள்ளிக் கட்டைக்கு நீளாத அந்தக் கை கண்முன் வந்து நின்றது. முதல் பொட்டலத்தில் சிவப்பை வைத்துக் கட்டினாள். இரண்டாவது வெற்றிலையை விரித்தாள். அதிலும் சிவப்பை வைத்தாள்.

கோயிலுக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். இராமையா அண்ணன் சொன்னது நியாயம்தானே என்று சொல்லிக்கொண்டாள். அவள் சொன்னதை அவளே நம்பவில்லை என்பதற்கு அடையாளம், முடிச்சு. வாழ்க்கையில் பத்தாயிரம் மாலை கட்டிய கைக்கு அந்த ஒரு முடிச்சு மூன்று தடவை நழுவியது. சசிதரன் தேநீர் கேட்க எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே போய்ப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி கோபுரத்தை மறைத்துக்கொண்டு நின்றது. ஸ்வெட்டரும் குல்லாவுமாகத் தோட்டமே மண்டபத்தில் கூடியிருந்தது. கங்கா தட்டைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தாள். கும்பிடக் கை குவித்தபோது அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தான் கட்டின மாலையைப் பார்த்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வந்து தூணோரம் நின்றாள். மகேன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் வந்து, ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலு வருஷத்தில் முன்மண்டை நரைத்துப்போயிருந்தது. அப்பாவின் நரை. அதைப் பார்த்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வேலப்பன் தட்டைத் தூக்கப் போனபோது இராமையா கையைக் காட்டி நிறுத்தினார். இரவெல்லாம் யோசித்திருப்பார் போல, கண் சிவந்திருந்தது. அவர் பேசியது ஊர் எதிர்பார்க்காத பேச்சு.

"தம்பி மகேன். பூவெல்லாம் வேணாம்யா. ஆபீசுல பேசுறதுக்கு உன்னைவிட ஆளு இல்ல, அது எனக்கே தெரியும். நீ இங்க வந்து, அம்மா முன்னால இந்தத் திருநீற ஒரு கோடு இட்டுக்க. திருவிழாவுக்குப் பரிவட்டம் கட்டிக்க. மனசுக்குள்ள நீ யாரை வேணும்னாலும் கும்பிடு, நான் கேக்க மாட்டேன். இட்டுக்கிட்டா நான் இப்பவே ஒதுங்கிக்கிறேன்."

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. எவ்வளவு பெரிய மனசு. ஒரு கோடு திருநீறு, அவ்வளவுதான் விலை. சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போடா, போய் இட்டுக்கடா என்று மகேனைக் கையால் தள்ளவே செய்தாள். இரண்டு எட்டு நடந்தால் நாற்காலி அவனுக்கு, வீடு மேல் லைனுக்கு. கங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இட்டுக்கொள்வான் என்றுதான் நினைத்தாள். இட்டுக்கொண்டால் அவனை ஜென்மத்துக்கும் மன்னிக்கக் கூடாது என்றும் நினைத்தாள். பெற்றவளுக்கு நடிக்காதவன் பதவிக்கு நடித்தால் அவன் என்ன மனுஷன்?

மகேன் நகரவில்லை.

"அண்ணே, நீங்க பெரிய மனசோட சொல்றீங்க. ஆனா முடியாதுண்ணே" என்றான். "எங்கம்மாவுக்கே நான் பொய்யா கொள்ளி வைக்கல. அது எனக்கு ஆறாத புண்ணு. இன்னைக்கு ஒரு நாற்காலிக்காகத் திருநீறு பூசுனா, அன்னைக்கு வைக்காததுக்கு என்ன அர்த்தம்? பதவிக்கு சாமிய மாத்துறவன், நாளைக்கு எவனாச்சும் காசக் காட்டுனா உங்களையும் மாத்திருவான்."

திமிரைப் பார் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இராமையாவின் முகம் தொங்கிப்போயிற்று. சரி, அப்படியானால் அம்மாவே சொல்லட்டும் என்று வேலப்பனைப் பார்த்தார். வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

ஆறாத புண் என்றானே. அது தனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நாலு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்தவள் மாதிரி இருந்திருக்கிறாள். அவளால் மன்னிக்க முடியாமல் இருந்த அதே பிடிவாதம்தான் இப்போது எதிரே நிற்கிறது. ஊருக்கே வீடு வாங்கித் தருகிற ஒரு சின்னப் பொய்யைக்கூடச் சொல்லமாட்டேன் என்று நிற்கிறது. இவளோ, விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, அம்மன் காலடியிலேயே பொய்யைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, குங்குமப் பொட்டோடு தூணோரம் நிற்கிறாள்.

"வேலப்பண்ணே, எடுக்காதீங்க."

கங்கா போய்த் தட்டை வாங்கினாள். இரண்டு பொட்டலத்தையும் எல்லாரும் பார்க்கப் பிரித்தாள். ஒன்றில் சிவப்பு. இன்னொன்றிலும் சிவப்பு.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மண்டபம் இரைய ஆரம்பித்தது. இராமையா பதறிப்போய், நான் சொல்லிச் செய்ததில்லை, அம்மா மேல் ஆணை என்றார். கங்கா அவரைப் பார்த்து, உங்களை யாரு சொன்னா, இது என் வேலைதான் என்றாள். அவள் குரல் எப்போதும் போலப் பெரிதாகத்தான் வந்தது.

"என் தம்பி மேல இருந்த காட்டத்துல நான்தான் வச்சேன். அவன் அம்மா முன்னால நடிக்க மாட்டேங்கிறான். நான் குளிச்சி முழுகி அம்மாவையே ஏமாத்தியிருக்கேன். நெத்தியப் பாத்துதான் தலைவரை எடுக்கணும்னா, என்னையில்ல எடுக்கணும்? எடுப்பீங்களா?"

அவளே மேலும் சொன்னாள். மண் விழுந்தது மாரியம்மா கோயிலில் இல்லை, சரோஜாவின் அடுப்பில். அடுத்து விழப்போவது என் தலையில். யார் ஆபீசுக்குப் போகவேண்டும் என்பது நம் வயிற்றுப்பாடு, நாம்தான் சொல்லவேண்டும். சொல்லப் பயந்துகொண்டு அம்மா காலில் கொண்டுபோய்ப் போட்டோம், அதையும் நான் நாசமாக்கினேன். கோயிலுக்குத் தலைவர் இராமையா அண்ணன்தான், பரிவட்டம் அவர் தலைக்குத்தான். ஊருக்கு யார் என்பதைக் கையைத் தூக்கிச் சொல்லுங்கள்.

இராமையா மகேனிடம் ஒன்றே ஒன்று கேட்டார், கோயிலை எடுக்க வந்தால் நீ என்ன செய்வாய் என்று. மகேன் யோசித்துத்தான் பதில் சொன்னான். பூஜைக்கு வரமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எடுக்க வந்தால் உங்களுக்கு முன்னால் நான் நிற்பேன். எங்கம்மா விழுந்து கும்பிட்ட இடம், அதை இடிக்க விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு ஜெபம் செய்வேன்?

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முதலில் மேல் லைன், பிறகு பக்கத்து லைன், பிறகு திமிர் என்று சொன்னவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தூக்கினார். எல்லாரும் தூக்கவில்லை. இராமையா தூக்கவில்லை, எனக்கு மனசு வரவில்லை தம்பி, அதை மறைக்கமாட்டேன், ஆனால் ஊர் முடிவுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன், பேரை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். சசிதரன் கையைத் தூக்கலாமா என்று பெண்டாட்டியைப் பார்த்தார். கங்காவின் கை தலைக்குமேல் விறைப்பாக நிற்பதைக் கண்டு, தானும் தூக்கினார்.

அதோடு முடியவில்லை. வேலப்பன் நல்ல மனுஷர், ஆனால் கோயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டார். அம்மாவிடம் விளையாடினவள் திருவிழா முடியும்வரை மாலை கட்டக் கூடாது என்றுவிட்டார். சாதாரண நாளாக இருந்தால் கங்கா அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்றைக்குச் சரிண்ணே என்றாள். அம்மன் கழுத்தில் யாரோ கட்டின மாலை தொங்கிப்போவதை எத்தனை வெள்ளிக்கிழமை பார்க்கவேண்டுமோ. நன்றாக அனுபவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து, அவள் படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மகேன் பக்கத்தில் வந்து நின்றான். அக்கா என்றான். நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை. அவள் நிமிரவில்லை.

"கைய தூக்குனது தலைவருக்கு. தம்பிக்கு இல்ல."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. நாளைக்கே ஆபீசுக்குப் போ. வெடிப்பு அகலமாயிருக்கு."

போகிறேன் என்றான். போய்விடுவான் என்று பார்த்தால் நின்றுகொண்டே இருந்தான். செருப்பு கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் இன்னும் தேடுகிற மாதிரிக் குனிந்தே இருந்தாள்.

"அடுத்த மாசம் அம்மாவுக்குத் திதி" என்றாள் தரையைப் பார்த்து. "நீ ஒண்ணும் கும்பிட வேணாம். வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போ."

வேறு எவனாக இருந்தாலும் அந்த நேரத்தில் சரிக்கா என்று சொல்லியிருப்பான். நாலு வருஷம் கழித்து ஒரு கதவு திறக்கிறது, யாராவது வாசலில் நின்று வழக்குப் பேசுவார்களா? மகேன் தலையைச் சொறிந்தான்.

"படைச்ச சோறு நான் திங்கிறதில்லைக்கா."

கங்கா நிமிர்ந்தாள். வந்த கோபத்துக்கு அந்தச் செருப்பாலேயே இரண்டு வைத்திருப்பாள். எதிரே அப்பாவின் நரையோடு, அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு பொய் சொல்லத் தெரியாமல் நின்றான் அவள் வளர்த்த பிள்ளை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

"உனக்குன்னு தனியா ஒரு ஒலை வக்கிறேன்" என்றாள். "படைக்கிற பானையில கையே வைக்க மாட்டேன். வந்து தொலை."